சாப்பாடு என்று எழுதிய வரி

போன வாரம் நவீன்குமார் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் ஓய்வு பெற்ற அதே கொல்லிமலை வங்கிக் கிளையில் இப்போது கடன் பிரிவைப் பார்க்கும் இளம் அதிகாரி அவர்.

“சார், ஒரு சின்ன டவுட். எஜுகேஷன் லோன் அப்ளிகேஷன் எல்லாம் இப்ப கம்ப்யூட்டர்லதான் வருது. காலேஜ் பீஸுக்கு லெட்டர் இருக்கு, பிரச்சினை இல்லை. தங்கற செலவு, சாப்பாட்டுச் செலவுன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல ஆளாளுக்கு ஒண்ணு போடறாங்க. நீங்க அந்தக் காலத்துல எவ்வளவு விடுவீங்க?”

“யோசிச்சுச் சொல்றேன்பா” என்று வைத்துவிட்டேன்.

ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். நான்கு நாளாக அதையே எழுதிக்கொண்டிருக்கிறேன். நம் ஓய்வூதியர் சங்க மலரில் நண்பர்கள் தாங்கள் வசூலித்த வாராக்கடன்களைப் பற்றியும் வாங்கிய கேடயங்களைப் பற்றியும் எழுதுகிறார்கள். என்னிடமும் ஒரு கேடயம் இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பட்டப்படிப்பு முடித்து எழுத்தராகச் சேர்ந்தேன். பதினெட்டு ஆண்டுகள் கவுண்டர். பிறகு தேர்வு எழுதி அதிகாரியானேன். பயிற்சிக் கல்லூரியில் ஆறு வாரம் கடன் மதிப்பீடு கற்றுக் கொடுத்தார்கள். விண்ணப்பத்தை நம்பாதே, கண்ணால் பார்த்ததை எழுது என்பதுதான் அந்த ஆறு வாரத்தின் சாரம். அதை நான் நன்றாகவே கற்றேன். பிறகு கொல்லிமலைக்கு மாற்றல் வந்தது.

மேலாளர் அந்தோணிசாமி திருச்சிக்காரர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் மேசையில் பேனாக்கள் ஒரு குவளையில் இருக்கும். ஒரே ஒரு பென்சில் மட்டும் தனியாக, கண்ணாடி விரிப்பின் ஓரத்துக்கு இணையாகக் கிடக்கும். கோப்பில் ஏதாவது அவருக்கு விளங்கவில்லை என்றால் முடியாது என்று எழுத மாட்டார். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். நாம் கள விசாரணைக்குப் போய், அரைப் பக்கம் பதில் எழுதி, மறுபடி வைக்க வேண்டும். பதில் பிடித்திருந்தால் ரப்பரை எடுத்து அந்தக் கேள்விக்குறியை அவரே அழிப்பார். தூளை ஊதிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். அந்த ரப்பர் வெளியே வருமா என்று நாங்கள் பயந்துகொண்டிருப்போம். அவர் எங்களைப் பயமுறுத்தியதே இல்லை. பயம் எங்களிடமே இருந்தது.

கல்விக் கடனுக்கு அப்போது ஒரு முறை வைத்திருந்தோம். கல்லூரி தரும் கட்டண விவரம் தனி. அது வரைவோலையாக நேரே கல்லூரிக்குப் போய்விடும். அதோடு, படிக்கிற பிள்ளை தன் கைப்பட ஒரு பட்டியல் எழுதித் தர வேண்டும்: தங்க எவ்வளவு, புத்தகத்துக்கு எவ்வளவு, சாப்பிட எவ்வளவு என்று. இது அந்தோணிசாமி ஏற்படுத்திய வழக்கம். “அப்பா சொல்றதை விட்டுருங்க கதிரேசன். அந்தப் புள்ளை எழுதட்டும். எப்படி வாழப்போறோம்னு அதுதானே யோசிச்சிருக்கும்” என்பார்.

ரேவதியின் பட்டியல் இப்போதும் எனக்கு மனப்பாடம்.

குண்டனி நாட்டுச் சின்னராசுவின் இளைய மகள் அவள். மலையில் சில சிற்றூர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. கவுன்சிலிங்கில், மலையிலிருந்து இறங்கினால் வரும் ஊர் ஒன்றில் இருக்கிற பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கோடு போட்ட தாளில், எழுத்து ஒன்றோடொன்று ஒட்டாமல், பள்ளிக்கூடப் பரீட்சைக்கு எழுதுவது போல எழுதியிருந்தாள். ஹாஸ்டல் வாடகை. புத்தகம். படம் வரையும் பலகை. சோப்பு, எண்ணெய். கடைசி வரி இது: ‘சாப்பாடு, மாதம் 1,200. (ஞாயிறு ஊட்டுக்கு வந்துவிடுவேன். அந்த நாளைக் கழித்திருக்கிறேன்.)’ ‘ஊட்டுக்கு’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு, மேலே ‘வீட்டுக்கு’ என்று திருத்தியிருந்தாள்.

அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில் பென்சில் கேள்விக்குறி இருந்தது.

எங்கள் கடைநிலை ஊழியர் பெரியசாமி திருப்புலி நாட்டுக்காரர். கள விசாரணைக்கு எப்போதும் கூட வருவார். அவருக்கு அன்று விடுப்பு. நான் தனியாகப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கிக் காப்பித் தோட்டத்துக்குள் அரை மணி நேரம் ஒற்றையடிப் பாதை. சின்னராசு பாதி வழியிலேயே வந்து நின்றிருந்தார். என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஏனுங்க சார், சொல்லியனுப்பியிருந்தா பஸ்ஸுக்கே வந்திருப்பனுங்களே.”

வீட்டைச் சுற்றி சில்வர் ஓக் மரங்கள். ஒவ்வொன்றிலும் மிளகுக்கொடி ஆள் உயரத்துக்கு மேல் ஏறி, அடர்ந்து, பச்சைச் சரங்களாகத் தொங்கியது. கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

“கொடியெல்லாம் உங்களுதுதானே?”

“ஆமாங்க. எங்கப்பன் நட்டதுங்க.”

“வருசத்துக்கு எத்தனை கிலோ வரும்?”

“மழை சரியா இருந்தா நூத்தம்பது கிலோ வருமுங்க.”

கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். ஒரு பொய் கிடையாது. நானும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அப்போதுதான் மரத்தைப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் நீலப் பெயிண்ட் கோடு. ஒன்றல்ல, மூன்று.

அந்தக் கோடு என்னவென்று எனக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன் வேறொரு தோட்டத்தில் பெரியசாமி சொல்லியிருந்தார். கீழே இருந்து வரும் ஒரு வியாபாரி, மிளகு கொடியில் இருக்கும்போதே விலை பேசி முன்பணம் கொடுத்துவிடுவார். அடையாளத்துக்கு மரத்தில் நீலக்கோடு போடுவார். ஒரு கோடு ஒரு வருட மகசூல். “கோடு போட்டுட்டா மிளகு அவருதுங்க சார். குருவி கொத்துனாக்கூட அவரு கணக்குலதான் கொத்தோணும்” என்று சொல்லிப் பெரியசாமி சிரித்தது நினைவிருந்தது.

மூன்று கோடு. மூன்று வருட மிளகு போய்விட்டது. நான் ஒரு கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். பெயிண்ட் காய்ந்து மரப்பட்டையோடு வெடித்திருந்தது. சின்னராசுவின் மனைவி வெள்ளையம்மா அப்போது வேகவைத்த குச்சிக்கிழங்கைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். அவர் ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி நடந்ததைக் கவனித்தேன். சேலத்தில் ஆபரேஷன் செய்தது என்றார்கள். முன்பணம் எங்கே போயிருக்கும் என்பது கேட்காமலே விளங்கியது.

கிழங்கைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இனி நான் எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை, இரண்டு பேரைத் தவிர. சமவெளிக்கு மாற்றல் கேட்டு நான் மனுக் கொடுத்திருந்தேன். மேலாளரின் பரிந்துரை மேலே போக வேண்டியிருந்தது. கேள்விக்குறி விழாத கோப்புகள் வைக்கும் அதிகாரி என்று பெயர் எடுக்க விரும்பினேன். நீலக்கோட்டைப் பற்றி எழுதினால் குடும்பத்துக்கு வருமானம் இல்லை என்றாகும். இன்னொரு கேள்வி வரும். இன்னொரு அரைப் பக்கம் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் எல்லாம் எளிது. சிவப்புப் பேனாவை எடுத்து ரேவதியின் கடைசி வரியைக் குறுக்கே அடித்தேன். ‘கள ஆய்வில் மிளகு நன்கு விளைந்திருப்பதைக் கண்டேன். வருமானம் போதுமானது. சாப்பாட்டுச் செலவைக் குடும்பமே ஏற்கும்’ என்று எழுதினேன். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன். பார்த்ததில் பாதியை.

அந்தோணிசாமி படித்தார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“நேர்ல பாத்துட்டு வந்தீங்கதானே?”

“பாத்தேன் சார்.”

ரப்பரை எடுத்தார். அழித்தார். ஊதினார். கையெழுத்துப் போட்டார்.

அப்பாவும் மகளும் கையெழுத்துப் போட வந்த அன்று, “சாப்பாட்டுக்கு மட்டும் வராதும்மா. அப்பா பாத்துக்குவாரு” என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் என் மேசைக்காலைப் பார்த்துக்கொண்டு, “பாத்துக்கலாமுங்க” என்றார். “வா கண்ணு” என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த வருடம் என் மகனும் கோயம்புத்தூரில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தான். மாதம் பிறந்ததும் முதல் வேலையாக அவன் கணக்கில் மெஸ் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் என் நாற்காலியில் உட்காருவேன்.

ஐப்பசி தொடக்கத்தில் ஒரு நாள் வங்கிக் கூட்டத்துக்காக முதல் பஸ்ஸில் மலையிலிருந்து கீழே போனேன். பஸ்ஸில் நல்ல நெரிசல். எனக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. கண்டக்டர், சாப்பாடு நிறைத்துத் துணியில் கட்டிய ஒரு தூக்குப்போசியைக் கொண்டுவந்து நீட்டினார்.

“சார், கொஞ்சம் மடியில வெச்சுப் புடிச்சுக்கோங்க. வளைவுல உருண்டுருமுங்க.”

வாங்கி வைத்துக்கொண்டேன். சூடு வேட்டியைத் தாண்டித் தொடையில் இறங்கியது. “யாருக்குப்பா இது?”

“குண்டனி நாட்டுச் சின்னராசு புள்ளைக்குங்க. கீழ என்ஜினீருக்குப் படிக்குதே, அதுக்கு. மெஸ்ஸுக்குக் கட்ட முடியலீங்களாம். ஹாஸ்டல்ல இருந்தா மெஸ்ஸுல சாப்பிட்டே ஆகோணுமாம். அதான் ஹாஸ்டலை விட்டுப்போட்டு ரெண்டு புள்ளைங்களோட ரூம் எடுத்திருக்குது. தெனமும் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கும். மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் இதுதானுங்க.”

“காலையில?”

“அதை என்னைக் கேட்டா? நான் கண்டக்டருங்க சார், மெஸ்ஸா நடத்துறேன்?”

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண், “நீ மெஸ்ஸு நடத்துனா சில்லறை இல்லைன்னு சோத்தைப் பாதிதான் போடுவே” என்றாள். இன்னும் சிரித்தார்கள். வளைவுக்கு வளைவு அந்தப் போசி என் மேல் சாய்ந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மூடியின் ஓரத்திலிருந்து புளிக்குழம்பு வாசம் வந்தது. அடிவாரம் வரும்வரை என்னால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

ஸ்டாண்டில் ரேவதி ஓடி வந்தாள். கையில் நேற்றைய காலிப் போசி. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“ஐயோ சார், நீங்களா தூக்கிட்டு வந்தீங்க? ரொம்பத் தேங்ஸுங்க சார்.”

“சாப்பாடெல்லாம் எப்படிம்மா?”

“அம்மா சோறுதானுங்க சார். மெஸ்ஸை விட நல்லா இருக்குதுங்க.” காலிப் போசியைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, சூடான போசியை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். கழுத்தெலும்பு தெரிந்தது.

அன்று மாலை மலைக்குத் திரும்பியதும் மேலாளரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் மாற்றல் உத்தரவு அடுத்த மாதம் வரும் என்று பேச்சு இருந்தது. ஒரு மாதம் போகட்டும் என்று நினைத்தேன்.

அந்த ஒரு மாதத்தில் மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் பாறை சரிந்து ஒன்பது நாள் பஸ் நின்றது. இரண்டு நாள் சின்னராசு காட்டுப்பாதையில் நடந்தே இறங்கிப் போசியைக் கொடுத்துவிட்டு ஏறி வந்தார். மூன்றாம் நாள் கால் வீங்கிவிட்டது. மிச்ச நாள் அந்தப் பெண் தள்ளுவண்டிக் கடையில் கிடைத்ததை ஒரு வேளை தின்று, குழாய்த் தண்ணீரைக் குடித்திருக்கிறாள். மஞ்சள் காமாலை. பாதை திறந்ததும் வந்த முதல் பஸ்ஸில், டிரங்குப் பெட்டியோடு அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வருகைப்பதிவு குறைந்து போனது. பரீட்சைக்கும் போக முடியவில்லை.

இதெல்லாம் சின்னராசு சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு நாள் பிற்பகலில் வங்கிக்கு வந்து, என் மேசைக்கு முன்னால் உட்காராமல் நின்றபடி சொன்னார்.

“லோனை நிறுத்திப்போடுங்க சார். புள்ளை இனிப் போகாதுங்க.”

“உடம்பு தேறட்டும். அடுத்த வருசம் போகலாமே.”

“எதை வெச்சுங்க போறது? மரத்தை வித்துட்டனுங்க. ஆஸ்பத்திரிக்கு, பழைய மெஸ் பாக்கிக்கு, மிளகு வியாபாரி குடுத்த முன்பணத்துக்கு. எல்லாம் அதுலயே தீந்துபோச்சுங்க.”

“எந்த மரம்?”

“சில்வர் ஓக்குதானுங்க.”

“அப்ப கொடி?”

இவனுக்கு இதுகூடத் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தார். ஆனால் மரியாதையாகவே சொன்னார். “மரம் போனா கொடி எதுலீங்க நிக்கும்?”

அவர் வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொள்ளும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து மேலாளர் அறைக்குள் போனேன். நீலக்கோட்டைச் சொன்னேன். மூன்று கோடு என்று சொன்னேன். பார்த்தேன், தொட்டும் பார்த்தேன் என்று சொன்னேன். பஸ்ஸில் மடியில் வைத்திருந்த போசியையும் சொன்னேன்.

அந்தோணிசாமி பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“நான் கேள்விதானே கேட்டேன் கதிரேசன். அடிக்கச் சொல்லலையே. மிளகு வித்துப்போச்சு, சாப்பாட்டுக்கு வழி இல்லைன்னு ரெண்டு வரி எழுதியிருந்தா அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன்.”

“தெரியும் சார்” என்றேன். உண்மையில் அதுதான் என்னைக் கொன்றது. எனக்குத் தெரிந்திருந்தது.

“எழுதுங்க. திருத்தி எழுதிக் கொண்டு வாங்க. உங்க கையெழுத்துலயே.”

மறு ஆண்டுக்கான கடனைச் சாப்பாட்டையும் சேர்த்துத் திருத்தினோம். அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு குண்டனி நாட்டுக்குப் போனேன். வீட்டைச் சுற்றி வெளிச்சம் அதிகமாக இருந்தது. வெட்டிய அடிமரங்களின் மேல் சாமையைப் பாயில் காயப் போட்டிருந்தார்கள். ரேவதி உள்ளே படுத்திருந்தாள். சின்னராசுவைத் தனியே அழைத்து, கடன் வரும், அவள் மறுபடி முதலாண்டில் சேரலாம் என்றேன். பிறகு, நீலக்கோட்டை அன்றைக்கே பார்த்தேன் என்பதையும் சொன்னேன்.

“தெரியுமுங்க” என்றார்.

“எப்படி?” என்றேன்.

“நீங்க விரலை வெச்சுப் பாத்தீங்களே. நான் பின்னாடிதானுங்க நின்னுட்டிருந்தேன். பாத்துட்டாரு, எழுதிக்குவாருன்னு நெனச்சேன். அப்புறம் அடிச்சுப் போட்டீங்கன்னதும், ஆபீசுல வேற ஏதோ ரூலு இருக்குமாட்டிருக்குதுன்னு நெனச்சுக்கிட்டனுங்க.”

“அன்னைக்கே கேட்டிருக்கலாமே, சின்னராசு.”

“புள்ளை பக்கத்துல நிக்கிறப்ப, வித்துத் தின்னுட்டோமுன்னு எப்படிங்க சொல்றது? கோடு மரத்தைக் கணக்கெடுக்கப் போட்டதுன்னு சொல்லி வெச்சிருந்தனுங்க. மிளகெல்லாம் அவ அம்மா ஆபரேசனுக்குப் போச்சுன்னு தெரிஞ்சா படிப்பே வேண்டாமுன்னுருவா.” குரலைத் தாழ்த்தி, “இப்பவும் அதுக்குத் தெரியாதுங்க. நீங்களும் சொல்லிப்போடாதீங்க சாமி” என்றார்.

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது அது அவருக்காகக் கொடுப்பது போலத்தான் இருந்தது. எனக்கு அது எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பது பின்னால்தான் உறைத்தது.

மாற்றல் வந்தது, போனேன். பணியின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு நானே கேட்டுக் கொல்லிமலைக்கு மேலாளராக வந்தேன். சின்னராசு அப்போது உயிரோடு இல்லை. வெள்ளையம்மாவும் இல்லை. பெரியசாமி என்னைப் பார்த்ததும், “ஏனுங்க சார், கீழே காத்து ஒத்துக்கலீங்களா?” என்றார். ஆமாம் என்றேன்.

ஓய்வுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது ரேவதி வந்தாள். சென்னையில் வேலை. கடனின் கடைசித் தவணையைக் கட்டிவிட்டு, பாக்கியில்லை என்ற கடிதம் வாங்கிப் போக வந்திருந்தாள். லட்டு டப்பாவை மேசையில் வைத்து, “நீங்க இல்லீன்னா நான் படிச்சிருக்கவே மாட்டனுங்க சார்” என்றாள். கோப்பை வரவழைத்தேன். கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அவள் கோப்பைத் தன் பக்கம் திருப்பிப் புரட்டினாள். கோடு போட்ட தாள் வந்ததும் சிரித்துவிட்டாள்.

“ஐயோ, என் எழுத்து. இங்க பாருங்க சார், ஊட்டுக்குன்னு எழுதி அடிச்சிருக்கேன்.” கடைசி வரியின் குறுக்கே ஓடிய சிவப்புக் கோட்டில் அவள் விரல் நின்றது. “சாப்பாட்டுக்கு ரொம்ப அதிகமாக் கேட்டுட்டேன் போல இருக்குங்க. அப்ப எனக்கு வெளி உலகமே தெரியாது. பேராசை.”

நான் சிரித்தேன். தலையையும் ஆட்டியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவள் கொடுத்த லட்டைத் தின்றேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவளுடைய அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை இன்று மீறுகிறேன். மிளகுப் பணம் அம்மாவின் ஆபரேஷனுக்குப் போனதைத் தெரிந்துகொண்டு படிப்பை விட்டுவிடும் வயதை அவள் தாண்டிவிட்டாள்.

நவீன், பிள்ளைகள் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுகிறார்களோ அதை அப்படியே போடு. ஐயம் வந்தால் குறைவாக எழுதியிருக்கிறார்களா என்று பார்.

ரேவதி, யாராவது இந்த மலரை உன்னிடம் கொடுத்தால், இதை மட்டும் தெரிந்துகொள். நீ அதிகமாகக் கேட்கவில்லை. அதே மாதம், அதே கையால், என் மகனின் மெஸ்ஸுக்கு நான் கட்டியது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். ஞாயிற்றுக்கிழமையை அவன் கழித்ததும் இல்லை.